அவுக வேலையச் சொல்லுங்க

"உங்க வேலைய நீங்க சொல்லிட்டீக ஸார். இப்ப அவுக வேலையச் சொல்லுங்க."

முதல் கூட்டத்தில் சிஸ்டர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. கல்லூரியில் இருபது வருஷமாக வேதியியல் நடத்துகிறவன் நான். நான் பேசி முடித்தால் யாராவது நன்றி சொல்வார்கள், இல்லையென்றால் மணி அடிக்கும். இந்தம்மா என்னடாவென்றால் வாய்மொழித் தேர்வுக்கு வந்தவனைக் கேட்பதுபோல் கேட்கிறார். அவர் கைகாட்டிய 'அவுக' சுப்பையா அண்ணன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். ஆட்களை மேற்பார்வை பார்ப்பார், பாதுகாப்பு விதிகளைக் கவனிப்பார் என்று ஏதோ நாலு வரி சொல்லிவைத்தேன். சிஸ்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சங்கடத்தில் நெளிந்து, மெதுவாக இல்லையென்று தலையசைத்தார்.

"அப்ப இன்னும் பிளான் எழுத முடியாது," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் பேனாவை மூடினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அது முழுசாக இறங்குவதற்கு நான் ஒரு பட்டாசு மருந்து அறையின் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

அவர் தீக்காய வார்டில் நர்ஸ். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, பெயரையும் சொல்லப் போவதில்லை. அவர் இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். சாத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளைக் கான்வாஸ் ஷூ, நரைத்த தலையில் இறுக்கமான கொண்டை, கையில் எப்போதும் லேசான ஸ்பிரிட் வாடை. குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை. வார்டில் சத்தமாகப் பேசினால் காயக்காரர்கள் பதறுவார்கள், பதறினால் தோல் இழுக்கும், இழுத்தால் வலிக்கும் என்று ஒருமுறை காரணம் சொன்னார். அந்தப் பழக்கம் கடைத்தெருவில்கூடப் போகவில்லை. நாம்தான் காதைக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு பழக்கம், நின்றுகொண்டு பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. படுத்திருக்கிறவனிடம் நின்றுகொண்டு பேசினால் அவன் உண்மையைச் சொல்ல மாட்டான் என்பார். பெரிய டாக்டராக இருந்தாலும் ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்தி அவர் முழங்காலுக்குப் பின்னால் வைத்துவிடுவாராம். டாக்டர் வேறு வழியில்லாமல் உட்காருவாராம்.

எங்கள் ஆராய்ச்சி அவர் நோட்டிலிருந்துதான் பிறந்தது. பட்டாசு விபத்தில் அடிபட்டு வார்டுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் தேறியதும், சிஸ்டர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்பார். கையில் என்ன இருந்தது? பக்கத்தில் யார் இருந்தது? தீப்பிடிக்க ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது? விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் தீப்பிடித்ததைக் கேட்பார்கள். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் நடந்ததை இவர் ஒருவர்தான் கேட்டார். அப்படி எழுதி நிரப்பிய நோட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு எங்கள் துறைக்கு வந்து, இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா ஸார் என்று கேட்டார்.

செய்யலாம் என்று நான்தான் துள்ளினேன். பட்டாசுக்குள் மருந்து செலுத்தும் அறைகளில் எந்த நேரத்தில் காற்று எவ்வளவு காய்கிறது, நிலைமின்சாரம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, சிஸ்டர் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் யோசனை. நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொரியுமே, அதுதான் நிலைமின்சாரம். சட்டையில் பொரிந்தால் சிரிப்பு, மருந்தில் பொரிந்தால் ஆள் இல்லை. புள்ளியியலுக்கு எங்கள் கல்லூரி ரஹமத்துல்லா வந்தார். விருதுநகரில் வத்தல் வியாபாரக் குடும்பம், கணக்கில் புலி. கம்பெனியிலிருந்து சுப்பையா அண்ணன். ஐந்தாவது ஆள் அதே கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் மாரீஸ்வரி. அவர் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் சிஸ்டர். எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வாயைத் திறக்காத பெண்ணை வைத்துக்கொண்டு என்ன திட்டம் போடுவது?

திட்டம் எழுத சிஸ்டர் கொண்டுவந்த காகிதம், சொந்தக்காரர் அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் ஷீட். ஒரு பக்கம் சாமி படம் நிறம் விலகி ரெட்டையாகத் தெரியும். மறு பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் எங்கள் ஐந்து பேர் வேலையும் வரிவரியாக ஏற வேண்டும். ஏறுவதற்குச் சட்டம் ஒன்றே ஒன்று. உன் வேலையை நீ சொல்லக்கூடாது, இன்னொருத்தர் சொல்ல வேண்டும். சொன்னது சரிதான் என்று வேலைக்கு உடையவர் தலையாட்ட வேண்டும். ஆட்டவில்லை என்றால் அந்த வரி ஏறாது. "வாயில வராதது கையில வராது," என்பார். இந்தப் பழமொழியை வேறு யார் சொல்லியும் நான் கேட்டதில்லை. அவரே கட்டியதாக இருக்கும்.

சொன்னால் நாலு நிமிஷம், நடந்தால் நாலு மாசம். ரஹமத்துல்லாவின் வேலையைச் சுப்பையா அண்ணன் சொன்ன நாள் மட்டும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "எங்கம்மா சோத்துப்பானையில ஒரு பருக்கைய நசுக்கிப் பாத்து இறக்கிருவா. ஸாரு எந்தப் பருக்கைய நசுக்கணும்னு சொல்லுவாக, எம்புட்டுப் பருக்கைன்னும் சொல்லுவாக," என்றார் அண்ணன். ரஹமத்துல்லா தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். அதற்கப்புறம் வகுப்பில் அதைத்தான் நடத்துகிறார் என்று கேள்வி.

மாரீஸ்வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் எங்கள் ஆய்வகத்தில் நடக்கும். நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பார். தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தாலும் எழுவார். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். வாத்தியார், ஆபீசர், டாக்டர் என்று படித்தவர் யார் வந்தாலும் எங்கள் பக்கத்தில் எழுந்து நிற்பது வழக்கம். நான் அதைப் பார்க்காதவன் இல்லை. ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். எனக்குப் பிடித்தும் இருந்தது.

சிஸ்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் முகத்தில் தெரியும்.

ஆராய்ச்சிக்கு உதவி கேட்டு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள், ஆடிக் கடைசி வெள்ளியில் வந்து விழுந்தது. சாயங்காலம் ஐந்து மணியோடு இணையதளத்தை மூடிவிடுவார்கள். விட்டால் அடுத்த வருஷம்தான். காலண்டர் ஷீட்டில் ஒரே ஒரு வரி பாக்கி. மருந்து செலுத்தும் அறைக்குள் நான் மணிக்கொரு தடவை போய் மீட்டரைப் பார்த்துக் குறிப்பேன் என்ற வரி. அது மாரீஸ்வரியின் அறை. அங்கே நான் வந்தால் என்ன நடக்கும் என்று அவர் சொல்ல வேண்டும். ஆனால் அவர் இருக்கன்குடிக்குப் போய்விட்டார். ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்கப் போகாமல் ஆய்வகத்துக்கா வருவார்கள்?

மணி நாலு. நாளைக்கு வந்துவிடுவாள், கேட்டுக்கொண்டு அனுப்பலாம் என்கிறார் சிஸ்டர். நாளைக்கு அனுப்ப முடியாது என்று நான் மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். ரஹமத்துல்லா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்.

"ஒரு வருஷம் போயிரும் சிஸ்டர்."

"போகட்டும் ஸார்."

எனக்கு வந்த ஆத்திரத்தில், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு வருஷத்தில் உங்கள் வார்டுக்கு எத்தனை பேர் வருவார்கள், அவர்களிடம் என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி மட்டாகவில்லை, எங்கே குத்தினால் வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்துதான் குத்தினேன். சிஸ்டர் கொஞ்ச நேரம் மஞ்சள் பையையே பார்த்தார். பிறகு, சரி, போன் போட்டாவது கேளுங்க, அவ வாயால சொல்லட்டும் என்றார்.

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இருக்கன்குடிக் கூட்டத்தில், உறுமி மேளச் சத்தத்தில், இடுப்புப் பைக்குள் கிடக்கிற போன் யாருக்குக் கேட்கும்? இரண்டு தடவை போட்டேன். மூன்றாவது தடவை போடவில்லை. வராந்தா ஓரத்தில் நின்று, ஒரு ஆள் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தேன். உள்ளே வந்து, "கேட்டுட்டேன் சிஸ்டர், சரியாச் சொன்னாங்க," என்றேன்.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

தை மாசம் அனுமதி வந்தது. துறையில் எனக்கு மாலை போட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டினேன். அளவெடுக்கத் தொடங்கியது பங்குனியில். வாடிக்கையாளர்கள் ஆர்டர் கொடுக்க ஆரம்பிக்கும் சீசன், காற்றில் பொட்டு ஈரம் கிடையாது. கம்பெனி வாசலில் சுப்பையா அண்ணன் என்னை நிறுத்தி, செல்போன், பெல்ட், சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். பருத்தி வேட்டி, பருத்திச் சட்டை, வெறுங்கால். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, அறை வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டேன். ஒரு அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால் என்னையும் சேர்த்து எண்ணி, மூன்று பெண்களை மட்டும் உள்ளே வைத்திருந்தார் அண்ணன். எந்த விதியையும் நாங்கள் மீறவில்லை. அன்றைக்கு வரவேண்டிய வேலை சிஸ்டருக்கு இல்லை. லீவு போட்டுவிட்டு வந்து, ஈரத்துணி போட்ட வாளியோடு வாசலுக்கு வெளியே நின்றார்.

நான் உள்ளே கால் வைத்தேன். மூன்று பெண்களும் எழுந்தார்கள்.

யாரும் யோசித்து எழவில்லை. உடம்பு தானாக எழுந்துவிட்டது. மாரீஸ்வரி கால் நீட்டி உட்கார்ந்து மடியில் மருந்துத் தட்டை வைத்திருந்தார். பாதி எழும்போதே தட்டு சாய்ந்தது. சாம்பல் நிற மருந்து சேலையில் வழிந்து, காலுக்கடியில் தரையில் விரிந்தது. தட்டின் விளிம்பு சுவரில் உரசி ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். அந்த அறையில் உரசலுக்கு என்ன அர்த்தம் என்று பாடம் எடுக்கிறவன் நான்.

மாரீஸ்வரி நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. முழுசாக எழுந்தால் தட்டு விழும். உட்கார்ந்தால் கீழே கிடக்கும் மருந்தின் மேல்தான் உட்கார வேண்டும். மற்ற இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும் அசையாதீக."

வார்டில் பேசுகிற அதே குரல், ஒரு இழை கூடவில்லை. எனக்குப் பின்னால், மிகவும் பக்கத்தில் கேட்டது.

"ஸார், நீங்க மொத உக்காருங்க. மெதுவா. நீங்க நின்னா அவுக எந்திரிக்கத்தான் பாப்பாக."

நான் நின்ற இடத்தில் தரை சுத்தமாக இருந்தது. வேட்டியை ஒதுக்கி, சுவரைத் தொடாமல், அங்குலம் அங்குலமாக இறங்கி உட்கார்ந்தேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் எடுத்து நான் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்ததும், ஓரத்தில் நின்ற இரண்டு பெண்களும் மூச்சு விட்டு உட்கார்ந்தார்கள். சிஸ்டர் சொல்லச் சொல்ல ஒருத்தி மாரீஸ்வரியின் தட்டை அடியில் தாங்கி வாங்கினாள், இன்னொருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சுப்பையா அண்ணன் அடுத்த வாசல் வழியாக மண்டியிட்டு வந்து, சிஸ்டரின் வாளியிலிருந்த ஈரத்துணியால் சிந்திய மருந்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். காலடி சுத்தமான பிறகுதான் மாரீஸ்வரி வெளியே வந்தார். கடைசியாக நான் வந்தேன். தீப்பிடிக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதலாம்.

வேலியோர வேப்பமரத்தடியில் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். மாரீஸ்வரி வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்ததும், சிஸ்டர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸார் ரூமுக்குள் வந்தால் என்ன நடக்கும், இப்போது சொல் என்றார்.

"ஸாரு வருவாக. நாங்க எந்திரிப்போம்."

"இத அன்னைக்குப் போன்ல ஸார்ட்டச் சொல்லலியா தாயி?"

"எந்தப் போனு சிஸ்டர்?"

சுப்பையா அண்ணன் குடித்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தார். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், பார்த்து ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அவர் பார்க்கவில்லை. மஞ்சள் பையிலிருந்து காலண்டர் ஷீட்டை எடுத்து மரத்தடியில் விரித்து, என் வரியை அடித்துவிட்டு, பேனாவை மாரீஸ்வரியிடம் கொடுத்தார். மாரீஸ்வரி எழுத்துக்கூட்டி எழுதினார். மீட்டரை நானே பார்ப்பேன். ஸார் வெளியே இருப்பார். அப்படியே அது எங்கள் திட்டம் ஆனது. அந்த மூன்று பெண்களும் மீட்டர் பார்க்கப் பழகி, உட்கார்ந்த இடத்திலிருந்தே குறித்துக் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது மட்டும் என்னிடம் சொன்னார்: "அடுத்த மாசத்துல இருந்து மாரீஸ்வரி வேலைய நீங்கதான் சொல்லணும் ஸார்."

இவ்வளவுதான் தண்டனை. கல்லூரிக்கு எழுதவில்லை. ரஹமத்துல்லாவிடம்கூட மூச்சு விடவில்லை. அவருக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

மாசம் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் மாரீஸ்வரியின் வேலையைச் சொல்வேன். முடித்ததும் அவர், "இல்ல ஸார்," என்பார். முதலில் பயந்து பயந்து சொன்னார். நாலாவது மாசத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணாடி வளையலைக் கழற்றித் தூக்குவாளி மூடிக்குள் வைப்பதைச் சொல்லாமல் விட்டுட்டீக என்பார். ஒதுங்கப் போனால் வேலை நின்றுவிடும் என்று காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவதையும் சொல்லாமல் விட்டுட்டீக என்பார். பதினோராவது மாசம், அவர் கால் நீட்டும்போது எந்தக் காலை வாசல் பக்கம் வைப்பார், ஏன் வைப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மாரீஸ்வரி யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முனைவர் பட்டம் வாங்கிய அன்றைக்கு எனக்கு அப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. அவர் இப்போது நான் நுழைந்தால் எழுவதில்லை. அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும், செம்புத் தகட்டுக்கு மேலே, யார் வந்தாலும் எழுந்திருக்க வேண்டாம் என்று பெயின்டில் எழுதியிருக்கிறது.

சிஸ்டர் ஓய்வு பெற்ற வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு டீ. அன்றைக்குச் சுப்பையா அண்ணன்தான் ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் எல்லார் வேலையையும் சொல்லிவிட்டோம், சிஸ்டர் வேலையை யாருமே சொல்லவில்லையே என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். காயத்துக்குக் கட்டுப் போடுவார், மூன்று கேள்வி கேட்பார், நோட்டில் எழுதுவார், எங்களைச் சேர்த்து உட்காரவைத்துத் திட்டம் எழுத வைப்பார். சொல்லும்போதே கச்சிதமாக வருகிறது என்று எனக்குப் பெருமை.

சிஸ்டர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு புன்னகையோடு, "இல்ல ஸார்," என்றார்.

எதை விட்டுவிட்டேன் என்று கேட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல என்றார். பிறகு மார்த்தாண்டம் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போனில் பேசுவோம். ஒருநாளும் அவர் ஞாபகப்படுத்தவில்லை, நானும் எடுக்கவில்லை. போன வருஷம் அவர் மகள் கூப்பிட்டு, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள்.

மார்த்தாண்டம் போய்த் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. பங்குனியில் அந்த அறையில் நான் தரையில் உட்கார்ந்தபோது, குரல் வந்த திசையை ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் வாளிக்குப் பக்கத்தில் இல்லை. எனக்குப் பின்னால், வாசற்படியில், என்னோடு சேர்ந்து தானும் தரையில் உட்கார்ந்திருந்தார். தீப்பிடித்தால் ஜுவாலை முதலில் பாய்கிற வாசல் அது. தீ ஒரு உடம்பை என்ன செய்யும் என்பது எங்கள் ஐந்து பேரில் அவருக்குத்தான் முழுசாகத் தெரியும். வருஷக்கணக்காகக் கழுவிக் கட்டியவர். அவ்வளவும் தெரிந்து, என் பொய்யால் வந்த அந்த இடத்தில், கடைசி ஆளாக நான் வெளியே வருகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.

இதுதான் சிஸ்டர் உங்கள் வேலை. இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். தலையாட்ட நீங்கள் இல்லை.